மாலத்தீவுத் தோணியும் எண்ணெய்த் தொட்டியும்

மாசி புழங்காத அடுக்களை நம் கடற்கரை ஊர்களில் அரிது. இடித்துச் சம்பலில் சேர்ப்பாரும், தேங்காயுடன் அரைத்துத் துவையலாக்குவாரும், கறிக்கு மணமூட்ட ஒரு துண்டு இடுவாரும் உண்டு. கட்டை போல் காய்ந்து இறுகிய அந்தத் துண்டு, இந்தியப் பெருங்கடலின் நடுவே வாழும் ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் உழைப்பில் விளைந்தது. மாலத்தீவாரின் திவேஹி மொழியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். நம் வழக்கிலுள்ள மாசி அச்சொல்லோடு உறவுடையது. அந்த மீனைப் பிடிக்கும் படகை அவர்கள் ‘மஸ் தோணி’ என்பர். தோணி என்னும் சொல் நமக்கும் அவர்களுக்கும் பொதுச் சொத்து.

பல நூற்றாண்டுகளாகக் காற்றையும் துடுப்பையும் நம்பி ஓடிய அந்தத் தோணி, 1974ஆம் ஆண்டில் எஞ்சின் பூணத் தொடங்கியது. எஞ்சின் வந்தால் எண்ணெய் வேண்டும். எண்ணெய் வேண்டுமானால் அதை வைக்க ஒரு தொட்டி வேண்டும். பாய்க்குப் பதிலாகத் தொட்டி வந்தது முதல் மாற்றம். சிறிய தொட்டியை எடுத்துவிட்டுப் பெரிய தொட்டியை வைத்தது அடுத்த மாற்றம். இவ்விரண்டையும் தொடர்ந்து நோக்கினால் ஒரு தீவு நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறு நம் கண்முன் விரியும்.

காற்றின் காலம்

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 744) மாலத்தீவுகளுக்கு வந்தார். அங்கே காழியாகப் பணியாற்றினார். அத்தீவுகளைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்திகளில் மீனுக்கும் இடமுண்டு. சிவந்த தசையுடைய ஒரு மீனைத் துண்டமாக்கி, வேகவைத்து, புகையூட்டி உலர்த்துவார்கள் என்றும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாகும் என்றும் அவர் குறித்துள்ளார். இன்று நாம் மாசி என்று வாங்கும் பொருளின் செய்முறையும் அதுவே. தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து மரக்கலம் கட்டும் வழக்கத்தையும் அவர் எழுதியுள்ளார். அங்கிருந்து புறப்பட்டு இலங்கை வழியாக அவர் வந்து சேர்ந்த இடம், மதுரை சுல்தான்கள் ஆண்ட மஅபர், அதாவது நம் தமிழகக் கரை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

மஸ் தோணி தென்னையின் குழந்தை. தென்னை மரத்தை அறுத்துப் பலகையாக்கினர். தென்னை நாரைத் திரித்துக் கயிறாக்கினர். பழங்காலத்தில் ஓலை முடைந்து பாயும் செய்தனர். முகப்பு வளைந்து உயர்ந்து நிற்கும். உடல் தாழ்ந்து நீரை ஒட்டிக் கிடக்கும். வில்லை நாணேற்றி வைத்தாற்போன்ற அழகு அதற்கு உண்டு. ஆயினும் அவ்வடிவம் அழகுக்காக அமைந்ததன்று, தொழிலுக்காக அமைந்தது.

அத்தொழில் எத்தகையது? மாலத்தீவார் சூரை மீனை வலை வீசிப் பிடிப்பதில்லை. தூண்டிற் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பர். முதலில் பவழப் பாறைகளை அடுத்த ஆழமற்ற நீரில் சிறு மீன்களை இரைக்காகப் பிடிப்பர். அவை உயிரோடு இருக்க வேண்டும். எனவே தோணியின் நடுவில் ஓர் அறை அமைத்து, அதன் அடியில் துளையிட்டுக் கடல் நீரை உள்ளே விடுவர். உள்ளே வந்து பின்பக்கம் வழியும் நீரை ஆட்கள் இடைவிடாது இறைத்து வெளியேற்றுவர். இவ்வாறு கடலையே ஓரளவு உள்ளே வைத்துக்கொண்டு ஓடுவது மஸ் தோணி. சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் இரை மீனை அள்ளி வீசுவர். நீரைத் தெளித்துக் கடலின் மேற்பரப்பைக் கலக்குவர். பின்தட்டில் வரிசையாக நிற்பவர்கள் முள்ளில்லாத தூண்டிலால் மீனைச் சுண்டி இழுக்க, அது தானே கழன்று தோணிக்குள் விழும். ஒரு நொடியும் வீணாகாத வேலை அது.

காற்று இருந்தால் கூட்டத்தைத் துரத்திச் செல்லலாம். காற்று நின்றுவிட்டால் தண்டு வலிக்க வேண்டும். தூரத்தில் பறவைகள் வட்டமிடுவதைக் கண்டும் எட்ட முடியாமல் திரும்பிய நாட்கள் எத்தனையோ! பிடித்த மீனை அன்றே கரை சேர்த்து வேகவைக்காவிட்டால் அதுவும் கெட்டுவிடும். காற்று கூலி கேட்பதில்லை. ஆனால் அழைத்தபோது வருவதுமில்லை.

சந்தை சாய்ந்தது

மாசியின் தலையாய சந்தை இலங்கை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக இலங்கை முழுவதும் அதை உண்டது. அரிசியும் துணியும் பிற பண்டங்களும் வாங்க மாலத்தீவார் பெரிதும் நம்பியிருந்தது கொழும்பு வாணிகத்தையே. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது மாசி வாணிகமும் சாய்ந்தது. 1965 ஜூலை 26ஆம் நாள் விடுதலை பெற்ற அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்கு இது பேரிடி. 1977ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிற்கூட அதன் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. ஏறத்தாழ இருநூறு தீவுகளில் சிதறி வாழ்ந்த அம்மக்களுக்குக் கடலைத் தவிர வேறு வயல் இல்லை.

அந்நேரத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் குளிர்பதனக் கப்பல்கள் வந்தன. அவை கேட்டது மாசியை அன்று, பச்சை மீனை. கடலிலேயே வாங்கி உறையவைத்து எடுத்துச் சென்றன. ஒரு கதவு மூட, மற்றொரு கதவு திறந்தது. ஆனால் புதிய வாணிகம் ஒரு நிபந்தனையோடு வந்தது. பச்சை மீன் காத்திராது. கப்பல் நிற்கும் இடத்துக்கு, அது நிற்கும் நேரத்துக்குள் மீனைக் கொண்டு சேர்க்க வேண்டும். காற்று வரும்வரை காத்திருந்த தோணியால் அது இயலுமா?

1974: எஞ்சின் ஏறியது

இயலாது என்பதை உணர்ந்தே தோணிகளுக்கு எஞ்சின் பொருத்தும் பணி 1974இல் தொடங்கியது. இருபது முப்பது குதிரைத்திறன் அளவிலான சிறிய ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் வந்தன. புதுப் படகு கட்டும் வரை காத்திராமல், பாய்மரத் தோணியின் பின்பகுதியைத் திருத்தி, சுழலி பொருத்தி, எஞ்சினை உள்ளே அமர்த்தினர். 1979இல் உலக வங்கிக் குழுமத்தின் கடனுதவி கிடைத்தது. எஞ்சின்களோடு பழுது பார்க்கும் நிலையங்களும் பெருகின.

இந்த ஆண்டுகளை உலக வரலாற்றோடு ஒப்பிட்டால் ஒரு வியப்புத் தோன்றும். 1973 இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களிலேயே பீப்பாய் விலை மூன்று டாலர் அளவிலிருந்து ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியை அடுத்து விலை மீண்டும் ஏறியது. எண்ணெய்க் கிணறு ஒன்றும் இல்லாத ஒரு நாடு, எண்ணெய் விலை ஏறிய அதே ஆண்டில் தன் தோணிகளில் எண்ணெய்த் தொட்டியை வைக்கத் தொடங்கியது! அறியாமையால் செய்ததன்று அது. எஞ்சின் இல்லையேல் மீனுக்குச் சந்தை இல்லை. சந்தை இல்லையேல் சோற்றுக்கு அரிசி இல்லை. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

எஞ்சின் தோணிகளின் பயன் விரைவில் புலப்பட்டது. கடலுக்குப் போகும் நாட்கள் கூடின. எட்டாத மீன்கூட்டங்கள் எட்டின. கையால் தெளித்த நீரைக் குழாய்கள் தெளித்தன. பாய்மரத் தோணிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 1980களின் இறுதியில் சூரை மீன்பிடிப்பில் காண்பதற்கரிய பொருளாயின.

தொட்டிக்கு வாய்த்த இடம்

பாய்மரத் தோணியைக் கட்டிய தச்சர்கள் எண்ணெய்த் தொட்டிக்கு இடம் ஒதுக்கவில்லை. பிற்காலத்தில் வந்த விருந்தாளி அது. அதற்கு வாய்த்ததோ, இரை மீன் அறையிலிருந்து உப்புநீர் வழிந்து ஈரம் காயாத ஓர் உடல். இரும்புத் தகட்டால் ஆன தொட்டியை இத்தகைய இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் படகுத் தொழில் அறிந்தார் எவரும் சொல்வர். வெளியே உப்புநீர் அடித்தகட்டை அரிக்கும். உள்ளேயும் அமைதி இல்லை. பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிரில் ஈரக்காற்று வியர்த்து நீராகும். நீர் டீசலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் கூடும் எல்லையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுத்த வண்டலையும் அமிலத்தையும் உண்டாக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தகட்டில் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழும்.

துறைமுகத்தில் இருக்கும்வரை இக்கேடு வெளியே தெரியாது. அலை எழும்பிப் படகு குலுங்கும் நாளில்தான் அடிவண்டல் கலங்கி எழும், வடிகட்டியை அடைக்கும், எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். பாய் இருந்த காலத்தில் காற்று நின்றால் துடுப்பு உண்டு. முதலில் எஞ்சின் பூண்ட தோணிகளில் பாயும் துணைக்கு நின்றது. எஞ்சினில் நம்பிக்கை வளர வளரப் பாய்மரம் இறங்கியது. அதன்பின் கடல் நடுவில் ஒரு குடும்பத்தலைவனின் உயிர், அடியில் மறைந்து கிடக்கும் தகட்டின் பருமனைப் பொறுத்ததாயிற்று.

தொட்டியை மாற்றுவது ஒரு கலை

எனவேதான் தொட்டியை மாற்றுதல் மீன்படகின் வாழ்வில் தவிர்க்க இயலாத கட்டமாயிற்று. மாலத்தீவுக்கு மட்டுமன்றி டீசல் எஞ்சின் பூண்ட எந்தச் சிறு படகுக்கும் இது பொருந்தும். வெளிப்பார்வைக்கு எளிதாகத் தோன்றும் அவ்வேலையில் தலைமுறைகளின் பட்டறிவு அடங்கியுள்ளது.

முதல் தொல்லை, தொட்டியை வெளியே எடுப்பது. தொட்டியை வைத்த பின் அதன்மேல் தளம் போடப்பட்டிருந்தால், தளத்தைப் பிரித்தாக வேண்டும். சில படகுகளில் எஞ்சினையே தூக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான தொல்லை. எண்ணெய் நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சுபவர், காலித் தொட்டியை அலட்சியம் செய்வர். உண்மையில் காலித் தொட்டியே கொடியது. அதனுள் தங்கிய எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். நன்கு கழுவி ஆவியை முற்றிலும் போக்காமல் ஒட்டுப்போட நெருப்பை அருகில் கொண்டுசென்றால் அது வெடிகுண்டு.

மூன்றாவது, புதுத் தொட்டியை எதனால் செய்வது என்னும் கேள்வி. துரு ஏறாது என்று நம்பித் துத்தநாகம் பூசிய தகட்டைத் தேர்வது எளிதில் நேரும் பிழை. டீசலும் துத்தநாகமும் ஒத்துப்போவதில்லை. வினைபுரிந்து உண்டாகும் பசை, எண்ணெயோடு சென்று ஊசித் துளைகளை அடைக்கும். செம்பும் டீசலைக் கெடுத்துப் பிசினாக்கும். கனமான இரும்புத் தகட்டை வெளியே மட்டும் வண்ணம் பூசிப் பயன்படுத்துவதே நெடுங்கால வழக்கம். பிற்காலத்தில் அலுமினியமும், துருவேறா எஃகும், கண்ணாடியிழையும், பிளாஸ்டிக்கும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் குணமும் குற்றமும் உண்டு.

நான்காவது, தொட்டியின் அமைப்பு. உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். இல்லாவிடில் படகு சாயும்போது எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். தாழ்ந்த உடலுள்ள தோணிக்கு இது சிறிய செய்தியன்று. நூறு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ எண்பத்து நான்கு கிலோ. ஒரு பருத்த மனிதன் படகுக்குள் அங்குமிங்கும் ஓடுவதற்கு ஒப்பு. அடியில் தேங்கும் நீரை வடிக்க ஒரு குழியும் திருகும் வேண்டும். காற்றுப் போக்கிக்குழல் மேலே வளைந்து நிற்க வேண்டும். அடித்தகட்டின் கீழ் காற்றோட்டம் இருக்குமாறு கட்டைகள்மேல் தொட்டியை அமர்த்திப் பட்டையால் இறுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், புதுத் தொட்டி சில ஆண்டுகளிலேயே பழைய தொட்டியாகிவிடும்.

பங்குக் கணக்கு மாறியது

இதுவரை சொன்னது தகட்டின் கதை. மனிதரின் கதைக்கு வருவோம். மஸ் தோணியில் கூலி முறை இல்லை, பங்கு முறைதான். பிடித்த மீனைப் படகு உடையவர், ‘கெயொளு’ எனப்படும் தலைவர், தொழிலாளர் ஆகியோர் வழக்கப்படி பகிர்ந்துகொள்வர். பாய்மரக் காலத்தில் காற்றுக்கு ஒரு பங்கும் ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சின் வந்தபின், எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பங்கிடும் முறை வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புதிய பங்காளி தோணியில் ஏறிக்கொண்டான். அவன் தூண்டில் பிடிப்பதில்லை, நீர் இறைப்பதில்லை. ஆயினும் மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதற்பங்கு அவனுக்கே.

இருபத்திரண்டு குதிரைத்திறன் எஞ்சின் முழு வலிமையோடு ஓடினால் மணிக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு டீசல் குடிக்கும். பத்து மணிநேர ஓட்டத்துக்கு ஐம்பது லிட்டர். வெறுங்கையோடு திரும்பும் நாளில் அந்த ஐம்பது லிட்டரும் கடனாகும். எஞ்சினின் விலை வேறு, உதிரிப் பாகங்களின் விலை வேறு. தென்னந்தோப்பே கப்பல் பட்டறையாக இருந்த தீவுகளுக்கு, பணம் இருந்தால்தான் படகு என்னும் நிலை வந்தது.

பெண்களின் வாழ்வும் மாறியது. மீனைப் பிடிப்பது ஆண்களின் பணி. அதை வெட்டி, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மாசியாக்குவது பெரும்பாலும் பெண்களின் பணி. நம் அடுக்களைக்கு வந்த மாசியில் அவர்களின் கைம்மணம் இருந்தது. பச்சை மீன் கடலிலேயே கப்பலுக்குக் கைமாறியபோது அவ்வேலை சுருங்கியது. வேலையோடு வீட்டுப் பொருளாதாரத்தில் அவர்களுக்கு இருந்த பிடியும் தளர்ந்தது. எஞ்சின் பொருத்தும் திட்டத்தை வகுத்தவர்களின் கணக்கேடுகளில் குதிரைத்திறன் இருந்தது, டன் இருந்தது, இந்த இழப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டதா என்பது கேட்கத்தக்க கேள்வி.

ஆயினும் ஒருபக்கமாகத் தீர்ப்பளிப்பது முறையன்று. எஞ்சின் வந்த தோணி நோயாளியை மாலே நகருக்கு விரைந்து கொண்டு சேர்த்தது. காற்றில்லாத நாளிலும் அடுப்பு எரிந்தது. இரவும் பகலும் தண்டு வலித்த தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. அத்தோள்களுக்கு உரியவர்கள் யாரும் பழைய காலம் திரும்ப வேண்டுமென்று கேட்கவில்லை.

தொட்டி பெருத்தது

1980களில் எஞ்சினுக்கென்றே வடிவமைத்த புதிய தோணிகள் ராஅ பவளத்தீவுக் கூட்டத்தின் அலிஃபுஷி தீவிலுள்ள கட்டுத்தளத்தில் உருவாயின. அவற்றில் தொட்டி விருந்தாளியன்று, வீட்டுக்காரன். பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. பனிக்கட்டி ஏற்றிப் பல நாட்கள் கடலில் தங்கும் வழக்கம் வந்தது. இருபது முப்பது குதிரைத்திறன் இருந்த இடத்தில் பல நூறு குதிரைத்திறன் அமர்ந்தது. முந்நூறு குதிரைத்திறன் எஞ்சின் முழு ஓட்டத்தில் மணிக்கு எழுபது லிட்டர் அளவுக்குக் குடிக்கும். பழைய தோணி ஒரு நாள் முழுதும் செலவிட்டதைப் புதுப் படகு ஒரு மணி நேரத்துக்குள் செலவிட்டது.

பலனும் பெருகியது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாட்டின் மொத்த மீன்பிடிப்பு 1,80,000 டன்னைத் தாண்டியது. ஆனால் உச்சி ஏறியவர் இறங்கவும் வேண்டும். அடுத்த ஆண்டுகளில் மீன்பிடிப்பு வெகுவாகச் சரிந்தது. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. மீன் குறைந்து எண்ணெய் விலை ஏறிய அந்நாட்களில் பெரிய தொட்டியை நிரப்பிக் கடலுக்குப் போவது பெருஞ்சூதாட்டமாயிற்று.

எச்சரிக்கை முன்பே இல்லாமற் போகவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே ஒரு நூல் வெளியிட்டது. அதை எழுதியவர் குல்பிராண்ட்சன் என்னும் படகு வடிவமைப்பாளர். அத்துறையின் அடிப்படை உண்மை எளியது. சிறு படகின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரம் செல்வதற்கான எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். மாலத்தீவு அரசு 1980களிலிருந்து கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்ததும் இவ்வகையில் பயனளித்தது. மிதவையின் நிழலில் சூரை கூடும்; மீனைத் தேடி அலையும் எண்ணெய் மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் அம்மக்கள் விட்டுவிடவில்லை. பாய் போயிற்று, தென்னம்பலகை போயிற்று, தொட்டி மாறியது, மீண்டும் மாறியது. தூண்டிற் கழி மாறவில்லை. ஒரு கை, ஒரு கழி, ஒரு மீன் என்னும் பழைய நெறியிலேயே அவர்கள் இன்றும் சூரை பிடிக்கிறார்கள். கடலை வழித்தெடுக்காத அம்முறைக்கு 2012இல் பன்னாட்டுக் கடல்வளக் காப்பு மன்றத்தின் சான்று கிடைத்தது. அச்சான்றைக் காட்டி அம்மீன் மேலைநாட்டுக் கடைகளில் மதிப்புப் பெறுகிறது.

முன்னேற்றம் வரும்போது எதை ஏற்பது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதே கடலோடிச் சமுதாயங்களின் முன் நிற்கும் கேள்வி. நம் கரைகளிலும் கட்டுமரமும் வள்ளமும் எஞ்சின் பூண்டு, கடனும் எண்ணெயுமாக அதே வழியில் நடந்தவைதாம். மாலத்தீவார் எண்ணெய்த் தொட்டியை ஏற்றனர். அதன் விலையையும் கொடுத்தனர், கொடுத்துக்கொண்டும் இருக்கின்றனர். கைத்திறனை மட்டும் விற்கவில்லை. தகட்டைத் துரு தின்னும். புதுத் தகடு வாங்கிக்கொள்ளலாம். கைத்திறன் ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால் அதற்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.